இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒரு பேப்பர் பேனா எடுங்க: குன்றத்தூர் டு ஒரகடம் சம்பளக் கணக்கு



"மாசம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடணும்னு ஆசைதான். ஆனா சம்பளத்துல மிச்சமே ஆகலையே!" நம்ம வீடியோக்களுக்குக் கீழ அடிக்கடி வர்ற கேள்வி இது. செலவைக் குறைக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்குங்க. வாடகை, மளிகை, பெட்ரோல், ஊருக்கு அனுப்புற பணம், இதெல்லாம் போன பிறகு டீயையும் சினிமாவையும் குறைச்சு எவ்வளவு சேர்த்துட முடியும்? அதனால இன்னிக்கு வரவு பக்கத்தைப் பார்க்கலாம். அதாவது, அடுத்த வேலைக்கான இன்டர்வியூ.

இந்தப் பதிவு யாருக்குன்னா, குன்றத்தூர், மாங்காடு, சோமங்கலம், படப்பை பக்கம் குடியிருந்துக்கிட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால்னு ஃபேக்டரி வேலைக்குப் போறவங்களுக்கு. ஐ.டி. கம்பெனி இன்டர்வியூ வேற, ஃபேக்டரி இன்டர்வியூ வேற. ரெண்டு விஷயம் பார்க்கப் போறோம். ஒண்ணு, அவங்களுக்கு உங்களைப் பிடிக்கணும். ரெண்டு, அந்த வேலை உங்க பாக்கெட்டுக்குப் பிடிக்கணும். ரெண்டாவதைப் பலபேர் யோசிக்கிறதே இல்ல.

1. கம்பெனியைப் பத்திப் படிச்சுட்டுப் போங்க

"எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். "பெரிய கம்பெனி சார், நல்ல பேரு சார்"னு சொன்னா, எதுவும் படிக்காம வந்திருக்கார்னு அங்கேயே முடிவு பண்ணிடுவாங்க.

நம்ம ஏரியா கதை தெரிஞ்சிருந்தாலே பாதி வேலை முடிஞ்சது. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998ல சான்ட்ரோ காரோட ஆரம்பிச்சாங்க. ஒரகடத்துல ரெனோ–நிசான் பிளான்ட் 2010லயும், டைம்லரோட லாரி பிளான்ட் 2012லயும், ராயல் என்ஃபீல்டு 2013லயும் வந்துச்சு. இதுல ரெனோ–நிசான் பிளான்ட்ல நிசானோட பங்கை 2025ல ரெனோவே வாங்கிக்கிச்சு. அங்க இன்டர்வியூவுக்குப் போய் இது தெரியாம பேசினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு கதையும் தெரிஞ்சிருக்கணும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006ல உற்பத்தி ஆரம்பிச்சாங்க. ஒரு காலத்துல இந்தப் பக்கம் கல்யாண வீட்டுல "பையன் நோக்கியாவுல இருக்கான்"னு சொன்னா தனி மரியாதை. 2014ல நோக்கியா தன்னோட போன் பிசினஸை மைக்ரோசாஃப்டுக்கு வித்தப்போ, வரி வழக்கு காரணமா இந்த பிளான்ட் மட்டும் அந்த டீல்ல சேரல. ஆயிரக்கணக்கான பேர் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. 2014 நவம்பர் 1ஆம் தேதியோட உற்பத்தி நின்னுச்சு. அதே கட்டடத்தைப் பின்னாடி சால்காம்ப்ங்கிற சார்ஜர் தயாரிக்கிற கம்பெனி எடுத்துக்கிச்சு. மறைமலை நகர் ஃபோர்டும் 2021 செப்டம்பர்ல அறிவிச்சு, 2022ல கார் உற்பத்தியை நிறுத்தினாங்க.

பயமுறுத்த இதைச் சொல்லல. பெரிய பேரு இருக்குங்கிறதுக்காக ஒரு வேலை கடைசி வரைக்கும் நிக்கும்னு சொல்ல முடியாது. அதனால இன்டர்வியூவுக்கு முன்னாடி மூணு விஷயம் தேடிப் பாருங்க:

- இந்தக் கம்பெனி என்ன தயாரிக்குது? யாருக்கு சப்ளை பண்ணுது?
- ஒரே ஒரு பெரிய கஸ்டமரை நம்பி இருக்கா, இல்ல நாலஞ்சு பேருக்கு சப்ளை பண்ணுதா?
- சமீபத்துல புது லைன் போட்டாங்களா, இல்ல ஷிப்ட்டைக் குறைச்சாங்களா?

முதல் கேள்விக்கு பதில் தெரிஞ்சா இன்டர்வியூல நல்ல பேரு. அடுத்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா உங்க எமர்ஜென்சி ஃபண்டு எவ்வளவு இருக்கணும்னு தெரியும். ஒரே கஸ்டமரை நம்பி இருக்கிற கம்பெனின்னா, மூணு மாசச் செலவுக்குப் பதிலா ஆறு மாசச் செலவைக் கையில வெச்சுக்கோங்க.

2. "உங்களைப் பத்திச் சொல்லுங்க"

இதுக்கு அப்பா பேரு, அம்மா பேரு, பொழுதுபோக்கு கிரிக்கெட்னு ஆரம்பிக்காதீங்க. அதெல்லாம் பயோடேட்டாவுலயே இருக்கு. ஒரு நிமிஷம், அதிகபட்சம் ஒன்றரை நிமிஷம். மூணே விஷயம்: என்ன படிச்சீங்க, இப்ப என்ன வேலை பார்க்கறீங்க, அதுல நீங்க என்ன மாத்தினீங்க.

மூணாவதுதான் முக்கியம். அதுல நம்பர் இருக்கணும். ரெண்டு பதில் பார்க்கலாம்.

முதல் பதில்: "நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இருக்கேன் சார். நல்லா வேலை பார்ப்பேன். கடின உழைப்பாளி."

ரெண்டாவது பதில்: "பிரேக் பார்ட் லைன்ல இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கறேன் சார். 1,000 பீஸுக்கு 40 ரிஜெக்‌ஷன் வந்துக்கிட்டு இருந்துச்சு. பாதிக்கு மேல ஒரே இடத்துல கீறல். டிரேல அடுக்கும்போது ஒண்ணோட ஒண்ணு உரசுதுன்னு கண்டுபிடிச்சு, நடுவுல தடுப்பு வைக்கச் சொன்னோம். ரெண்டு மாசத்துல 15ஆ குறைஞ்சுது."

ரெண்டாவது ஆளைத்தான் எடுப்பாங்க. காரணம், 1,000 பீஸுக்கு 25 பீஸ் மிச்சம்னா எவ்வளவு ரூபாய்னு இன்டர்வியூ எடுக்கிற மேனேஜர் மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுடுவார். அதனால இன்னிக்கே உட்கார்ந்து, இப்ப இருக்கிற வேலையில நீங்க செஞ்ச மூணு விஷயத்தை எழுதுங்க. பிரச்சினை என்ன, நீங்க என்ன பண்ணீங்க, முன்னாடி எவ்வளவு, அப்புறம் எவ்வளவு. அப்படியே வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க. டீமா செஞ்சதை "நாங்க"ன்னு சொல்லுங்க, அதுல உங்க பங்கு எதுன்னு தனியா சொல்லுங்க. மொத்தத்தையும் நானே செஞ்சேன்னு சொன்னா, அடுத்த ரெண்டு கேள்வியில மாட்டிக்குவீங்க.

இங்கிலீஷ் பயமா? லைன் வேலைக்கும் மெயின்டனன்ஸ் வேலைக்கும் தமிழ்ல தெளிவா பேசினாலே போதும்னு நினைக்கிற மேனேஜர்கள் நிறைய பேர் இருக்காங்க. "இங்கிலீஷ்ல ஆரம்பிக்கிறேன் சார், டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழ்ல விளக்கலாமா?"ன்னு நேரா கேட்டுடுங்க. தப்பும் தவறுமா திணறுறதைவிட இது எவ்வளவோ மேல்.

3. டெக்னிக்கல் ரவுண்ட்ல கணக்கு கேட்பாங்க

5 எஸ், கைசன், 7 க்யூ.சி. டூல்ஸ் இதெல்லாம் மனப்பாடமா சொல்ற ஆட்கள் நிறைய பேர் வருவாங்க. "உங்க லைன்ல எங்க பார்த்தீங்க?"ன்னு கேட்டா பாதிப் பேர் அமைதியாயிடுவாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்க வேலையிலிருந்து ஒரு உதாரணம் வெச்சுக்கோங்க. ரெண்டு கணக்கை மட்டும் கண்டிப்பா கத்துக்கோங்க:

டாக்ட் டைம்: ஒரு ஷிப்ட்ல வேலை நேரம் 450 நிமிஷம். கஸ்டமருக்கு 225 பீஸ் வேணும். 450ஐ 225ஆல வகுத்தா 2. அதாவது 2 நிமிஷத்துக்கு ஒரு பீஸ் லைன்லேர்ந்து வெளிய வரணும்.

ஓ.இ.இ.: ஒரு மெஷின் நிஜமா எவ்வளவு பயன்படுதுங்கிற கணக்கு. ஓடவேண்டிய நேரத்துல 90% ஓடுச்சு, வேகம் 95%, நல்ல பீஸ் 98%னா மூணையும் பெருக்கணும்: 0.90 × 0.95 × 0.98. விடை சுமார் 84%. மூணும் தனித்தனியா நல்லாத்தான் தெரியுது, ஆனா மொத்தத்துல 16% போயிடுது பாருங்க. இதை இப்படி விளக்கத் தெரிஞ்சா நீங்க மனப்பாடம் பண்ணிட்டு வரலன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

தெரியாத கேள்வி வந்தா, "இது நான் செஞ்சதில்ல சார். இதுக்குப் பக்கத்துல இந்த வேலை செஞ்சிருக்கேன்"னு சொல்லுங்க. ஃபேக்டரில தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி செய்யுறவங்களாலதான் விபத்து நடக்கும். அது மேனேஜருக்கு நல்லாவே தெரியும்.

4. அந்த நாள்

- ஷிப்ட் மாறுற நேரத்துல கம்பெனி பஸ், டிரெய்லர் லாரி எல்லாம் சேர்ந்து சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மேப்ல காட்டுற நேரத்தோட 45 நிமிஷம் சேர்த்துக்கிட்டுக் கிளம்புங்க. ஐப்பசி, கார்த்திகை மழைன்னா முதல் நாளே மாற்று வழியும் பார்த்து வையுங்க.
- மெயின் கேட்லேர்ந்து ஹெச்.ஆர். ரூமுக்குப் போகவே சில சமயம் 20 நிமிஷம் ஆகும். ஐ.டி. கார்டு, பேக் செக்கிங், போன் கேமராவுல ஸ்டிக்கர்னு எல்லாம் இருக்கும். கேட்ல இருக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட மரியாதையா பேசுங்க.
- இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், ஷூ. செருப்பு வேண்டாம். ஷாப் ஃப்ளோர் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போனா, செருப்போட உள்ள விடமாட்டாங்க. தொங்குற செயின், தளர்வான துப்பட்டா, கைல கயிறு இதெல்லாம் மெஷின் பக்கத்துல ஆபத்து.
- உள்ள நடக்கும்போது மஞ்சள் கோட்டுக்குள்ள நடங்க. போனைப் பார்த்துக்கிட்டே நடக்காதீங்க. மெஷினைத் தொடாதீங்க. பலபேருக்கு இன்டர்வியூ நடக்குறதே இந்த நடையிலதான். யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா கவனிப்பாங்க.
- ஃபைல்ல ஒரிஜினலும் ஜெராக்ஸும் தனித்தனியா: மார்க் ஷீட், ஆதார், பான், கடைசி மூணு மாச பே ஸ்லிப், பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், யு.ஏ.என். நம்பர்.

யு.ஏ.என். பத்தி ஒரு எச்சரிக்கை. எந்தக் கம்பெனில எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும் இருந்தீங்கன்னு பி.எஃப். கணக்கு சொல்லிடும். அனுபவத்துல ஆறு மாசம் கூட்டிச் சொல்றது, நடுவுல பார்த்த வேலையை மறைக்கிறது எல்லாம் பின்னாடி செக் பண்ணும்போது தெரிஞ்சிடும். இடைவெளி இருந்தா இருக்குன்னே சொல்லுங்க. "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, நாலு மாசம் வீட்டுல இருந்தேன்"ங்கிறது நேர்மையான பதில். யாரும் அதுக்காக வேண்டாம்னு சொல்லப் போறதில்ல.

5. "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க?"

இப்பதான் நம்ம சப்ஜெக்டுக்கு வர்றோம். பேப்பர் பேனா எடுங்க.

இப்ப உங்க வேலை இப்படி இருக்குன்னு வெச்சுக்குவோம். வீட்டுக்குப் பக்கத்துல, மொத்தச் சம்பளம் 20,500. அதுல பேசிக் 12,000. பிடித்தம்:

- பி.எஃப். 12%: 1,440
- இ.எஸ்.ஐ. 0.75%: 154
- கையில் வருவது: 18,906

கம்பெனி உங்களுக்காகக் கட்டுற பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25% அதாவது 666, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குற 577, எல்லாத்தையும் கூட்டினா உங்க இப்போதைய சி.டி.சி. மாசம் சுமார் 23,183.

ஒரகடத்துல புது ஆஃபர்: "வருஷம் 3,60,000 சி.டி.சி." மாசம் 30,000! கிட்டத்தட்ட 7,000 ஏத்தம். ஒத்துக்கலாமா? பிரிச்சுப் பார்ப்போம். பேசிக் 15,000ன்னு வெச்சுக்குவோம்.

- கம்பெனி பங்கு பி.எஃப்.: 1,800
- கிராஜுவிட்டி (பேசிக்ல 4.81%): 722
- குரூப் இன்சூரன்ஸ் பிரீமியம்: 500
- வருஷக் கடைசியில "தகுதியைப் பொறுத்து" தர்ற போனஸ்: 2,000

30,000லேர்ந்து இதெல்லாம் போனா மாசச் சம்பளம் 24,978. அதுல உங்க பங்கு பி.எஃப். 1,800 போக கையில வர்றது 23,178. (தொழில் வரி ரெண்டு வேலையிலயும் உண்டு. அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250தான். அதை ரெண்டு பக்கமும் விட்டுட்டேன்.)

ஆக, 30,000ன்னு கேட்டது 23,178 ஆச்சு. பழைய சம்பளத்தோட வித்தியாசம் 4,272. இன்னும் முடியல.

கம்பெனி பஸ் குன்றத்தூர் பக்கம் வராது, பைக்லதான் போகணும்னு வெச்சுக்குவோம். ஒரு வழி 25 கிலோமீட்டர்னா, ஒரு நாளைக்கு 50. மாசம் 25 நாளைக்கு 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 மைலேஜ், லிட்டர் 100 ரூபாய்னு போட்டா பெட்ரோல் மட்டும் 2,500. கேண்டீன் இல்ல, வெளிய ஒரு வேளைச் சாப்பாடு 60 ரூபாய்னா மாசம் 1,500. மொத்தம் 4,000.

4,272ல 4,000 போனா மிச்சம் 272 ரூபாய். தினம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ரோட்டுல, டயர் தேய்மானம், மழை, லாரி எல்லாம் தனி.

சரி, நல்லதையும் சொல்லணும்ல? பி.எஃப்.ல உங்க பங்கும் கம்பெனி பங்கும் சேர்ந்து மாசம் 720 ரூபாய் கூடுதலா சேருது. அந்த போனஸ் முழுசா வந்தா வருஷத்துக்கு 24,000. அனுபவமும் கூடும். ஆனா இதெல்லாம் தெரிஞ்சு எடுக்கிற முடிவு வேற, 30,000ங்கிற நம்பரைப் பார்த்து எடுக்கிற முடிவு வேற.

இதே வேலையில கம்பெனி பஸ்ஸும் கேண்டீனும் இருந்தா? முழு 4,272ம் கையில நிக்கும். அதுல 4,000ஐ எஸ்.ஐ.பி.ல போட்டு, வருஷம் 12% வளர்ந்தா (உத்தரவாதம் கிடையாது, ஒரு கணக்குக்குத்தான்) 10 வருஷத்துல நீங்க போட்ட 4.8 லட்சம் சுமார் 9.3 லட்சம் ஆகும். ஒரு பஸ் ரூட்டுக்கும் ஒரு கேண்டீனுக்கும் இவ்வளவு மதிப்பு இருக்கு பாருங்க. அதனால "பஸ் எந்த ஸ்டாப் வரைக்கும் வருது சார்?"னு கேட்கக் கூச்சப்படாதீங்க.

இ.எஸ்.ஐ. விஷயத்தை மறந்துடாதீங்க. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்தான் இ.எஸ்.ஐ. 20,500 வேலையில மாசம் 154 ரூபாய்க்கு உங்களுக்கும், மனைவி குழந்தைகளுக்கும், உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் இருந்துச்சு. 24,978 வேலையில அது இல்ல. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல பெற்றோர் சேருவாங்களான்னு கேளுங்க. இல்லன்னா அவங்களுக்குத் தனியா பாலிசி எடுக்கணும். அந்தப் பிரீமியத்தையும் கணக்குல சேருங்க. அறுபது வயசு தாண்டினவங்களுக்கு அது சின்னத் தொகையா இருக்காது.

சரி, கேள்விக்கு என்ன பதில் சொல்றது? "இப்ப கையில 18,900 வருது சார். பஸ், கேண்டீன் இருந்தா கையில 23,000 எதிர்பார்க்கறேன். இல்லன்னா அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்க." இப்படிக் கணக்கோட சொல்றவர்கிட்ட பேரம் பேசுறது கஷ்டம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீங்க, எப்படியும் பே ஸ்லிப் கேட்பாங்க.

6. "எந்த ரோல் சார்?"

நீங்க திருப்பிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது. கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா, ஃபிக்ஸட் டெர்மா, அப்ரன்டிஸா?

- அப்ரன்டிஸ்: சட்டப்படி நீங்க பயிற்சி எடுக்கிறவர், தொழிலாளி இல்ல. ஸ்டைபன்ட் வரும், பி.எஃப். வராது. பயிற்சி முடிஞ்சா வேலை தரணும்னு கட்டாயமும் இல்ல. "முடிச்சவங்கள்ல எத்தனை பேரை எடுத்தீங்க?"ன்னு கேளுங்க.
- கான்ட்ராக்ட்: கேட்ல ஒரு பெயர், பே ஸ்லிப்ல வேற பெயர். பி.எஃப். கட்டாயம் உண்டு. சேர்ந்த ரெண்டாவது மாசம் பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கான்னு பாருங்க.
- ஃபிக்ஸட் டெர்ம்: குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி, இவங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு. மத்தவங்களுக்குப் பழையபடி அஞ்சு வருஷம்.

அதே சட்டத்துல இன்னும் ரெண்டு விஷயம் உங்களுக்கு உதவும். வேலைக்குச் சேர்றவங்களுக்கு அப்பாயின்மென்ட் லெட்டர் தரணும். பேசிக்கும் டி.ஏ.வும் மொத்தச் சம்பளத்துல பாதிக்குக் குறையக்கூடாது, குறைஞ்சா பாதி அளவைத்தான் கணக்குல எடுத்துக்கணும். அதனால ஆஃபர் லெட்டர்ல பேசிக் எவ்வளவுன்னு கண்டிப்பா பாருங்க.

ஓ.டி. பத்தியும் கேளுங்க. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்ங்கிறது 1948ஆம் வருஷ ஃபேக்டரி சட்டத்துலேர்ந்தே இருக்கிற விதி. "ஓ.டி.க்குப் பதிலா லீவு எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற இடமா இல்லையான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

7. பாண்டு போடச் சொன்னா?

"பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது மச்சி, கையெழுத்துப் போடு"ன்னு சொல்ற நண்பர் எல்லார்க்கும் ஒருத்தர் இருப்பார். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. மூணு வருஷம் வேலை பார்க்கணும், இல்லன்னா 2 லட்சம் கட்டணும்னு விஜயா பேங்க் போட்ட நிபந்தனை செல்லும்னு சொல்லிட்டாங்க. அது பொதுத்துறை வங்கி, அந்த வழக்கோட சூழ்நிலை வேற. ஆனாலும், பாண்டுனாலே செல்லாதுங்கிற பேச்சு தப்புன்னு தெரியுதுல்ல?

எத்தனை மாசம், எவ்வளவு தொகை, நாள் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா, கம்பெனியே அனுப்பினா என்ன ஆகும்? நாலுக்கும் எழுத்துல பதில் இருக்கணும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்குவோம்னா கொடுக்காதீங்க. காட்டுங்க, ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினல் வீட்டுக்கு வரணும்.

8. "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

பெண் வாசகர்களுக்கு இந்தப் பகுதி. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஃபாக்ஸ்கான் ஐபோன் பிளான்ட்ல கல்யாணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காம தவிர்க்கிறாங்கன்னு செய்தி வெளியிட்டுச்சு. கம்பெனி அதை மறுத்தாங்க. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. அப்போ அவங்க சுட்டிக்காட்டினது 1976ஆம் வருஷச் சம ஊதியச் சட்டம். வேலைக்கு எடுக்கும்போது ஆண், பெண் பாகுபாடு பார்க்கக்கூடாதுன்னு சொல்ற சட்டம் அது.

செய்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்வி உங்க முன்னாடி வந்தா என்ன சொல்றது? அவங்க மனசுல ஓடுறது "லீவு எடுப்பாங்களா, நைட் ஷிப்ட் வருவாங்களா"ங்கிறதுதான். அதுக்கு நேரா பதில் சொல்லுங்க: "போன வேலையில ரெண்டு வருஷத்துல வருகைப் பதிவு நல்லா இருக்கு சார், பே ஸ்லிப்ல பாருங்க. ஷிப்டுக்கு வருவேன், பஸ் வீடு வரைக்கும் வருமா?" கல்யாணம், குழந்தை பத்திப் பொய் சொல்ல வேண்டாம். இன்சூரன்ஸ், நாமினி, மகப்பேறு விடுப்புன்னு எல்லாத்துலயும் அந்த விவரம் பின்னாடி வரும். நைட் ஷிப்ட்டுக்கு உங்க சம்மதம் வேணும், பாதுகாப்புக்கு கம்பெனி பொறுப்புங்கிறது சட்டம்.

வெளியூர்லேர்ந்து வர்ற தோழிகளுக்கு ஒரு தகவல். வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. 18,720 பெண்கள் தங்குற அளவு. தங்குறதுக்கு இடம் கம்பெனி தருமா, அதுக்குப் பிடித்தம் எவ்வளவுன்னு இன்டர்வியூலேயே கேட்டுடுங்க.

9. பணம் கேட்டா அது இன்டர்வியூ இல்ல

"ரெஜிஸ்ட்ரேஷன் 1,500, யூனிஃபார்ம் 2,500, உள்ள ஆள் இருக்கார், வேலை கன்ஃபர்ம்." இப்படி வாட்ஸ்அப்ல வந்தா அங்கேயே நிறுத்துங்க. கம்பெனி லோகோ போட்ட லெட்டரை யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம். கம்பெனியோட சொந்த வெப்சைட்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராதீங்க. உடனே 1930க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு வாய்ப்பு. வேலை தேட அரசோட தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இலவசமாவே இருக்கு.

10. ஆஃபர் வந்தாச்சு, ராஜினாமா எப்போ?

- போன்ல "செலக்டட்"னு சொன்னா போதாது. சம்பளப் பிரிவு, ரோல், சேர்ற தேதி எல்லாம் எழுத்துல வந்த பிறகுதான் ராஜினாமா.
- நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? புதுக் கம்பெனி கேட்கிற தேதிக்குள்ள முடியலன்னா, மீதி நாளுக்குச் சம்பளம் பிடிப்பாங்க. அதையும் கணக்குல சேருங்க.
- வேலை மாறும்போது ஒரு மாசம் சம்பளம் தள்ளி வரலாம். வாடகை, இ.எம்.ஐ. போக ஒரு மாசச் செலவு கையில இருக்கட்டும்.
- பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்காதீங்க. அதே யு.ஏ.என்.ஐக் கொடுத்து புதுக் கணக்குக்கு மாத்துங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரியும் வரலாம், சர்வீஸ் கணக்கும் உடையும்.

கடைசியா ஒரு விஷயம். இன்டர்வியூ முடியும்போது "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?"ன்னு கேட்பாங்க. பெரும்பாலான பேர் "இல்ல சார்"னு எழுந்துடுவாங்க. நீங்க எழுந்துடாதீங்க. எந்த ரோல், பேசிக் எவ்வளவு, பஸ் எதுவரைக்கும், கேண்டீன் உண்டா, இன்சூரன்ஸ்ல பெற்றோர் உண்டா, பாண்டு உண்டா? ஆறு கேள்வி. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க. எடுத்துப் பார்த்துக் கேட்டாலும் யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க, தயாரா வந்திருக்கார்னுதான் நினைப்பாங்க.

உங்க ஆஃபரை மேல சொன்ன மாதிரி பிரிச்சுப் போட்டா கையில எவ்வளவு நிக்குதுன்னு கமென்ட்ல எழுதுங்க. கம்பெனி பேரு வேண்டாம், நம்பர் மட்டும் போதும். இன்டர்வியூவுக்குப் போற நண்பர் யாராவது இருந்தா, இன்னிக்கு ராத்திரிக்குள்ள இதை அனுப்பி விடுங்க. வாழ்த்துகள்!